பாக்கெட்டில் இருந்த ஃப்யூஸ்

பச்சை விளக்கு நிதானமாகச் சிமிட்டத் தொடங்கியபோது என் வீட்டுக்காரர் கிணற்றுக்குள் இருந்தார். எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த விளக்கைப் பார்த்துச் சின்னப்பிள்ளை மாதிரி கைதட்டியிருக்க மாட்டேன்.

அந்த நிதானத்துக்காகத்தான் மூன்று நாளாகத் தவம் கிடந்தேன். செல்போன் டவரைத் தேடிக்கொண்டிருக்கும்போது, நான் செய்த பெட்டிக்குள் இருந்த மாட்யூலின் விளக்கு படபடவென்று அடித்துக்கொள்ளும். டவர் கிடைத்து நெட்வொர்க் அதைச் சேர்த்துக்கொண்டதும், மூன்று நொடிக்கு ஒருமுறை என்று அடங்கிவிடும். மாட்யூல் என்னவோ பெரிய தபால்தலை அளவுதான். அது படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் நடந்தது இது. திருப்பூரில் எங்களுக்கு ஒரு சின்னப் பட்டறை இருந்தது. அவர் எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுவார். நான் டிப்ளமோ படித்தவள், நிட்டிங் மிஷின்களின் எலெக்ட்ரானிக் போர்டுகளைப் பழுதுபார்ப்பேன். இரண்டு பேரும் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். போர்டு பார்த்த நேரம் போக, ராப்பகலாக உட்கார்ந்து நான் ஒரு பெட்டி செய்திருந்தேன். அதற்குள் அந்த மாட்யூலும் ஒரு சிம் கார்டும் இருக்கும். தோட்டத்து மோட்டாரின் ஸ்டார்ட்டரோடு பெட்டியை இணைத்துவிட்டால், எந்த ஊரிலிருந்தும் அந்த நம்பருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் போதும், மோட்டார் ஓடும். இன்னொன்று கொடுத்தால் நிற்கும். கை தவறி யாராவது அடித்துவிடக் கூடாதே என்று ஒரு ஏற்பாடும் செய்திருந்தேன். ஒரே ரிங்கோடு நின்றுவிட்டால் பெட்டி கண்டுகொள்ளாது, இரண்டாவது ரிங் வந்தால்தான் மோட்டாரைக் கிளப்பும். ஒவ்வொரு ரிங்குக்கும் கீச்சென்று கத்த ஒரு பஸ்ஸரும் வைத்தேன்.

முதல் பெட்டியை வாங்க ஒத்துக்கொண்டவர் மூலனூர்ப் பக்கம் தோட்டம் வைத்திருந்த ஒரு பனியன் கம்பெனி முதலாளி. கம்பெனியும் குடித்தனமும் திருப்பூரில், மனசு மட்டும் முருங்கைக்கும் தென்னைக்கும் நடுவே. மும்முனைக் கரண்ட் எந்த நேரத்துக்கு வருகிறதோ அந்த நேரத்துக்கு மோட்டாரைப் போட்டுவிட ஆள் வேண்டும். ஆளைவிட இந்தப் பெட்டி மேல் என்று நம்பினார். என்னை எப்போதும் "அம்மிணி" என்றுதான் கூப்பிடுவார்.

பெட்டி பட்டறையில் ஓடியது. தோட்டத்தில் ஓடவில்லை. முதல் நாள் முழுக்க விளக்கு படபடத்துக்கொண்டே இருந்தது. மோட்டார் ரூம் பள்ளத்தில், கிணற்று ஓரமாக, தகரக் கூரையோடு இருந்தது. ஆன்டெனாவை வெளியே எடுத்தோம், கூரைமேல் வைத்தோம், மூங்கிலில் கட்டித் தூக்கினோம். ஒன்றும் கதைக்காகவில்லை. இரண்டாம் நாளும் அதே கதை. எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. எனக்கு எரிச்சல் வந்தால் பக்கத்தில் இருக்கிறவர் பாடு திண்டாட்டம், பக்கத்தில் இருந்தது அவர்.

அந்த இரண்டாம் நாள் சாயங்காலம், முதலாளியை வைத்துக்கொண்டே அவர் ஒரு கேள்வி கேட்டார். "நம்பர் பாத்து எடுக்க மாதிரி வச்சியா, இல்லையா ஏட்டி?"

வைக்கவில்லை. வைத்திருந்தேன், எடுத்துவிட்டேன். முதலாளியின் நம்பரிலிருந்து வந்தால் மட்டும் மோட்டார் ஓட வேண்டும் என்றுதான் முதலில் எழுதினேன். ஆனால் நெட்வொர்க் அந்த நம்பரை ஒரு தடவை முன்னால் தொண்ணூற்றொன்று போட்டு அனுப்பும், மறு தடவை சைபர் போட்டு அனுப்பும், இன்னொரு தடவை மொட்டையாக அனுப்பும். பெட்டி குழம்பிப்போய் முதலாளியையே யாரென்று கேட்டது. கடைசிப் பத்து எண்ணை மட்டும் பார்த்தால் போதும் என்பது எனக்குப் பிறகு வந்த புத்தி. அன்றைக்கு இருந்த கடுப்பில், யார் கூப்பிட்டாலும் ஓடட்டும் என்று அந்தப் பகுதியையே அழித்துவிட்டேன்.

"இந்த நம்பர் யாருக்குத் தெரியப் போவுது?" என்றேன்.

"யாரு அடிச்சாலும் ஓடும்னா அது பெட்டியா? தெருக் கொழாய்லா!" என்றார் அவர்.

முதலாளி சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புத்தான் எனக்குத் தாங்கவில்லை. நான் கண் எரிய உட்கார்ந்து செய்த பெட்டியை, வெளி மனிதர் முன்னால் தெருக் குழாய் என்று சொல்லிவிட்டாரே! அந்த நிமிஷத்திலிருந்து பேச்சை நிறுத்தினேன். பைக்கில் திருப்பூர் வரைக்கும் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தேன், ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு வைத்தேன், பேசவில்லை. அவரும் லேசுப்பட்டவரல்ல. நான் முறுக்கிக்கொண்டால் அவர் அதற்கு மேல் முறுக்கிக்கொள்வார்.

மூன்றாம் நாள் விடியற்காலையில் அதே பைக்கில் அதே மௌனத்தோடு தோட்டத்துக்குப் போனோம். முதலாளி முந்தைய சாயங்காலம் திருப்பூர் போய், ராத்திரியே திரும்பி வந்து தோட்டத்து வீட்டில் தங்கியிருந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சிம் கார்டை எடுத்து நீட்டினார்.

"இந்தச் சிம்மைப் போட்டுப் பாருங்க அம்மிணி. உங்க கம்பெனி டவரு இங்க எடுக்காதுங்க. இதுன்னா எடுக்கும். சும்மா கெடந்ததுதானுங்க."

இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். ஆன்டெனாவையும் தண்ணீர்த் தொட்டியின் மேல் வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. மோட்டார் ரூமிலிருந்து முப்பது தப்படி தள்ளி மேட்டில் இருந்தது தொட்டி. வயரைச் சுருளாகத் தோளில் மாட்டிக்கொண்டு ஏணியில் ஏறினேன். மேலே நான் வயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, கீழே அவரும் முதலாளியும் ஏதோ பேசுவது தெரிந்தது. காதில் விழவில்லை. விழ வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. பிறகு முதலாளி, முதல் ரிங்கைத் தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டித் தன் கையால்தான் கொடுப்பேன் என்று சத்தமாகச் சொல்லிவிட்டு வீட்டுப் பக்கம் போனார்.

அவர்கள் பேசியது இதுதான். கிணற்றுக்குள் பாதி ஆழத்தில் ஒரு திட்டு, அதன்மேல் மோட்டாரும் பம்பும். பம்பில் சுழலுகிற தண்டைச் சுற்றித் தண்ணீர் பீய்ச்சாமல் அடைக்கிற கயிறு தேய்ந்துபோயிருந்தது. முதல் ரிங்கின்போது தண்ணீர் ஒழுகினால் அசிங்கமாக இருக்கும் என்று, இறங்கிக் கயிற்றை மாற்றிவிடுகிறேன் என்றிருக்கிறார் என் வீட்டுக்காரர். முதலாளியிடம் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை. நாங்கள்தான் பேசிக்கொள்வதில்லையே.

வயரை இழுத்துக்கொண்டு மோட்டார் ரூமுக்குள் வந்தேன். சிம்மைப் போட்டுப் பெட்டியைத் திருகி மூடினேன். பெட்டிக்கு உயிரே இல்லை. நிமிர்ந்து பார்த்தால், மூன்று ஃப்யூஸில் ஒன்றைக் காணோம். பீங்கான் கட்டையோடு பிடுங்கியிருந்தது. பெட்டிக்குக் கரண்ட் வருகிற அதே ஃப்யூஸ்.

எனக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும்? எலெக்ட்ரீஷியன் பெண்டாட்டி நான். லைனில் கை வைக்கிறவன் ஃப்யூஸைப் பிடுங்கிக் கையோடு கொண்டுபோவான். கீழே வைத்தால் வேறு யாராவது மாட்டிவிடுவார்கள் என்பதற்காகச் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வான். "ஃப்யூஸ் எம் பாக்கெட்ல இருக்கயில எம் உசுரும் எம் பாக்கெட்ல இருக்குன்னு அர்த்தம்" என்று அவரே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். ஒரு ஃப்யூஸைக் காணோம் என்றால் எங்கேயோ ஒரு ஆள் வேலையில் இருக்கிறான். இது எனக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும்.

ஆனால் எனக்குத் தோன்றியது வேறு. வேண்டுமென்றே பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறார், தான் இல்லாமல் இவள் எப்படி ஓட்டிப் பார்க்கிறாள் பார்க்கலாம் என்று எங்கேயோ மரத்தடியில் குந்தியிருக்கிறார் என்று தோன்றியது. சரிதான் போய்யா என்று என் பையைத் திறந்தேன். அதில் கம்பி கட்டிய ஸ்பேர் ஃப்யூஸ் ஒன்று எப்போதும் இருக்கும். எடுத்து, அழுத்திச் சொருகினேன். சொருகும்போது எனக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது. அதை இன்றைக்கு நினைத்தால் என் கையை நானே அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

பெட்டிக்கு உயிர் வந்தது. விளக்கு படபடத்தது. ஒரு நிமிஷம் ஆனது, இன்னும் கொஞ்சம் ஆனது. திடீரென்று விளக்கு நின்றுபோனது. செத்துவிட்டது என்று நினைத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, ஒரு சிமிட்டல். மறுபடியும் மூன்று எண்ணினேன், ஒரு சிமிட்டல். சேர்ந்துவிட்டது! அப்போதுதான் கைதட்டினேன்.

உடனே என் போனிலிருந்து அடித்துப் பார்க்கத் துடித்தது. போனைக் கையில் எடுத்தும்விட்டேன். முதல் ரிங் தன்னுடையது என்று முதலாளி சொன்னது ஞாபகம் வந்து, நம்பர்கூடத் தெரியாதே என்றும் உறைத்து, விட்டுவிட்டேன். முதலாளியைக் கூட்டிவர வெளியே ஓடினேன். தொட்டி மேட்டில் நின்று எட்டிப் பார்த்தால், தேங்காயும் தட்டுமாக வரப்பில் வந்துகொண்டிருந்தார்.

"டவர் கெடச்சிட்டுது!" என்று கத்தினேன்.

"அட, அப்புடிப் போடுங்க!" என்று அவரும் எட்டி நடை போட்டார்.

அவர் மேட்டுக்கு வந்து சேர்ந்த நேரத்தில் மோட்டார் ரூமிலிருந்து கீச்சென்று ஒரு சத்தம். ஒரே ஒரு ரிங். நின்றுவிட்டது.

நான் அவர் கையைப் பார்த்தேன். கையில் தட்டுத்தான் இருந்தது. "நீங்க அடிச்சீங்களா?"

"இல்லீங்களே."

மறுபடியும் கீச். ஒன்றோடு நின்றது. யாரோ இந்த நம்பரைக் கூப்பிடுகிறார்கள். ராங் நம்பர் என்றால் ஒரு தடவை வரும். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு கீச்.

முதலாளி நெற்றியில் தட்டிக்கொண்டு சிரித்தார். "அட, நம்ம கம்பெனிப் புள்ளைங்களாட்டம் இருக்குதுங்க. அது கம்பெனி வேன்ல இருந்த சிம்முங்க. டிரைவருக்கு நேத்துத்தான் வேற நம்பரு வாங்கிக் குடுத்து, இதைக் கழட்டீட்டு வந்தேன். புள்ளைங்ககிட்டச் சொல்லிப்போடுன்னு சொன்னேன், சொல்லாம உட்டுட்டான்னு நெனைக்கறேன். காத்தால வேன் கெளம்பற நேரத்துக்கு மிஸ்டு கால் குடுப்பாங்க. ஒரு ரிங்குன்னா வேலைக்கு வாரேன்னு அர்த்தம், வேன் நின்னு ஏத்தீட்டு வரும். ரெண்டு ரிங்குன்னா லீவுங்க, நிக்காமப் போயிரும்."

ஒரு ரிங் என்றால் வேலை, இரண்டு ரிங் என்றால் லீவு. எனக்கு அது முழுதாக உறைக்கும் முன்னால் முதலாளி கிணற்றுப் பக்கம் திரும்பிச் சாவதானமாகக் கேட்டார்.

"தம்பி இன்னும் மேல வரலீங்களா? கயிறு மாத்தோணும்னு உள்ள எறங்குனாரே."

என் கால் எப்போது ஓடத் தொடங்கியது என்று தெரியாது. முப்பது தப்படி. காணாமல் போன ஃப்யூஸ், பாக்கெட், என் பையிலிருந்து நான் எடுத்துச் சொருகிய ஸ்பேர், எல்லாம் ஒரே சமயத்தில் மண்டையில் இடித்தது. கயிற்றைச் சுற்ற வேண்டும் என்றால் இரண்டு கையும் தண்டின்மேல் இருக்கும். முகம் அதற்கு ஒரு சாண் தள்ளி இருக்கும். அவர் கழுத்தில் எப்போதும் ஒரு துண்டு கிடக்கும்.

பாதி தூரத்தில் ஒரு கீச். ஒன்றோடு நின்றது. யாரோ ஒரு மகராசி வேலைக்கு வருகிறாள். நீ நன்றாக இரு தாயே. திருப்பூரில் அன்றைக்கு ஒரு பெண்ணுக்கும் காய்ச்சல் வரக் கூடாது, ஒருத்தி வீட்டிலும் விசேஷம் இருக்கக் கூடாது, எல்லாரும் வேலைக்கு வர வேண்டும், எல்லாரும் வர வேண்டும் என்று வாய்விட்டே கெஞ்சிக்கொண்டு ஓடினேன். "ஏங்க! கைய எடுங்க! ஏங்க!" என்று நடுவில் கத்தினேன். கிணற்றிலிருந்து பதில் இல்லை.

மோட்டார் ரூம் வாசலில் கால் வைத்தேன். கீச்.

ஃப்யூஸை நோக்கிக் கை நீட்டினேன். அழுத்திச் சொருகியிருந்தேன், வர மறுத்தது. விளக்கு பச்சையாக, அமைதியாக, மூன்று நொடிக்கு ஒருமுறை சிமிட்டிக்கொண்டிருந்தது.

கீச்.

டக்கென்று ஸ்டார்ட்டர் இழுத்தது. கிணற்றுக்குள்ளிருந்து மோட்டார் உறுமியது. நான் காலைச் சுவரில் உதைத்து இரண்டு கையாலும் பிடுங்கினேன். நீலமாக ஒரு பொறி பறந்து உள்ளங்கையைச் சுட்டது. உறுமல் இறங்கி, இறங்கி, நின்றது. எத்தனை நொடி ஓடியிருக்கும்? இரண்டு இருக்கலாம், மூன்று இருக்கலாம். அதன் பிறகு ஒரு சத்தமும் இல்லை. அந்தச் சத்தமில்லாத நேரத்தைத்தான் என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

கிணற்றுப் படியில் நான் இறங்கியது நடந்தா உருண்டா என்று தெரியாது. திட்டின் ஓரத்தில், சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் கத்தி, மறு கையில் வெட்டிய கயிற்றுத் துண்டு. இரண்டு கையும் இருந்தன. பத்து விரலும் இருந்தன, எண்ணினேன். கழுத்தில் துண்டைக் காணோம்.

துண்டு தண்டில் இருந்தது. வியர்த்தது என்று கழற்றி மோட்டார்மேல் போட்டுவிட்டு, கயிற்றை அளவாக வெட்டுவதற்காகப் பின்னால் திரும்பி உட்கார்ந்திருக்கிறார். அந்த நேரத்தில் மோட்டார் ஓடி, துண்டை இழுத்துத் தண்டோடு தண்டாக இறுக்கிச் சுற்றியிருந்தது. சேலை முந்தானையைப் பிழிந்து முறுக்கினால் எப்படி இருக்கும், அப்படி.

"என்னாட்டி நடந்துச்சு?" என்றார். முந்தின நாள் சாயங்காலத்துக்குப் பிறகு முதல் பேச்சு.

அவர் மெதுவாகச் சட்டைப் பாக்கெட்டில் கை விட்டு ஃப்யூஸை எடுத்தார். உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எங்கிட்டல்லா இருக்கு. இது எங்கிட்ட இருக்கயில மோட்டார் எப்பிடி ஓடும்? வேற எங்கிட்டாவது இருந்து கரண்ட் ஏறுதோ?" என்று மேலே போகிற ஒயரை அண்ணாந்து பார்த்தார். லைனைச் சந்தேகப்பட்டார், ஸ்டார்ட்டரைச் சந்தேகப்பட்டார். எதிரே நின்றுகொண்டிருந்த என்னை மட்டும் அவருக்குச் சந்தேகப்படத் தெரியவில்லை.

கிணற்று மேட்டிலிருந்து முதலாளி எட்டிப் பார்த்து அழாத குறையாகச் சொன்னார். "என்ற தப்புத்தானுங்க தம்பி. வேன் சிம்மைக் கொண்டாந்து குடுத்துப்போட்டேன். புள்ளைங்க கூப்புட்டுப்போட்டாங்க."

அப்படியே விட்டிருக்கலாம். பழியைத் தலையில் தூக்கிக்கொள்ள ஒரு ஆள் தயாராக நின்றுகொண்டிருந்தார். மேலே போய் ஸ்பேரைப் பையில் போட்டுவிட்டால் ஒரு குருவிக்கும் தெரியாது. அப்படி ஒரு எண்ணம் எனக்கு வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. ஆனால் அவர் இன்னும் அந்த ஃப்யூஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாந்தான்" என்றேன். "ஸ்பேர எடுத்துப் போட்டேன். நீங்க வம்புக்குப் புடுங்கிட்டுப் போய்ட்டீங்கன்னு நெனச்சேன்."

அவர் என்னைப் பார்த்தார். ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசியிருக்கலாம், கை நீட்டி ஒரு அறை விட்டிருந்தாலும் அன்றைக்கு வாங்கிக்கொண்டிருப்பேன். அவரோ ஃப்யூஸை மறுபடியும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். கத்தியால் துண்டை அறுக்கத் தொடங்கினார். "இந்த முனையப் புடி" என்றார். பிடித்தேன். அவர் சுற்றுச் சுற்றாக அறுத்து எடுத்தார்.

இரண்டு ரிங் கொடுத்தது பனியன் செக்கிங்கில் வேலை பார்த்த ஒரு பெண் என்று முதலாளி பிறகு விசாரித்துச் சொன்னார். நல்ல காய்ச்சலாம். வேன் வீணாக நிற்கக் கூடாதே என்று படுத்த படுக்கையிலிருந்து ஒழுங்காகக் கூப்பிட்டிருக்கிறாள். அவளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

புதுச் சிம் வாங்கினோம். கடைசிப் பத்து எண்ணைப் பார்க்கிற மாதிரி திருத்தி எழுதினேன். தேங்காயை இன்னொரு நாள் உடைத்தார்கள். அந்தப் பெட்டி நல்லபடியாக ஓடி, அதைப் பார்த்து மடத்துக்குளம், கொமரலிங்கம் வரைக்கும் ஆட்கள் கேட்டு வந்தார்கள். ஒவ்வொரு தோட்டத்திலும் விளக்கு நிதானத்துக்கு வரும்போது மற்றவர்கள் கைதட்டுவார்கள். நான் முதலில் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு வருவேன்.

அவர் அந்தக் காலையைப் பற்றி அதன் பிறகு பேசியதே இல்லை. எங்களுக்குள் சண்டைக்குக் குறைவில்லை. சண்டை வந்தால் என் அம்மா வீட்டை இழுப்பார், என் சமையலை இழுப்பார், எந்தக் காலத்துக் கதையையோ எல்லாம் இழுப்பார். இதை ஒரு தடவைகூட இழுத்ததில்லை.

ஆனால் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும், கிணற்றில் இறங்கும் முன்னால் ஃப்யூஸ் மூன்றையும் பிடுங்குகிறார். மூன்றையும் பாக்கெட்டில் போட்டுக்கொள்கிறார். அதன் பிறகு என் பையைத் திறந்து, அதில் இருக்கிற ஸ்பேரையும் எடுத்துப் போட்டுக்கொள்கிறார். சட்டை ஒரு பக்கமாகத் தொங்கும். நான் அந்தப் பக்கம் திரும்பாமல், பெட்டியின் மூடியைத் துடைத்துக்கொண்டிருப்பேன்.